பனி பார்க்கப் போகிறவர்களுக்கு

பேத்தியின் ஆறாவது பிறந்தநாளைச் சிம்லாவில் பனிக்கு நடுவே கொண்டாட வேண்டும் என்றான் மகன். தில்லிக் குளிர் போதாதா, கோயிலில் அர்ச்சனை செய்து வீட்டில் பாயசம் வைத்தால் ஆகாதா என்று முணுமுணுத்தேன். கல்கா–சிம்லா ரயிலில் போகலாம் என்றதும் பெட்டி கட்டிவிட்டேன். 1903-ல் திறந்த பாதை, 96 கிலோமீட்டர், தண்டவாள அகலம் இரண்டரை அடி, பரோக் சுரங்கம் மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். (ஓய்வு பெற்றாலும் பழைய புத்தி போகுமா?)

மறுநாள் பனி கொட்டியது. குழந்தை துள்ளினாள். இரவு விடுதியில் மின்சாரம் போயிற்று. விடுதிப் பையன் கரி கனலும் அங்கீட்டியை அன்போடு கொண்டுவந்து வைத்து, ஜன்னலையும் சாத்தினான். வெளியே எடுக்கச் சொன்னேன். "குழந்தை நடுங்குகிறாள், அப்பா" என்று மகனுக்குக் கோபம். மருமகள் முகமும் சுண்டிவிட்டது. நான் விடவில்லை.

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போகலாம். குளிருக்குப் பழகிய வடநாட்டுக் குடும்பங்களே இப்படி மாண்ட செய்தியைக் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். நாமோ குளிரென்றால் கதவிடுக்கில் துணி செருகுகிறவர்கள்!

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அறை பதிவு செய்யும்போதே ஜெனரேட்டர் உண்டா, கூடுதல் ரஜாய் கிடைக்குமா என்று கேளுங்கள். கனலில் குளிர் காய வேண்டுமானால் திறந்த வராந்தாவில் காயுங்கள்.

அன்றிரவு ஐந்து பேரும் மூன்று ரஜாய்க்குள் ஒட்டிக்கொண்டு படுத்தோம். மகன் என்னோடு பேசவில்லை. காலையில் பேத்திதான் முதலில் எழுந்து, "தாத்தா, கேக் எங்கே?" என்றாள்.