அமைதியான பிள்ளை

பதின்பருவத்தின் சமூகப் பதற்றம் பெரும்பாலும் ‘கூச்ச சுபாவம்’ என்ற பெயரில்தான் வீட்டுக்குள் நடமாடுகிறது. யாருடனும் சண்டைக்குப் போகாத, வாய் திறக்காத, கல்யாண வீட்டுக்கு வர மறுக்கும் பிள்ளையை ‘இருக்கும் இடம் தெரியாது’ என்று உறவினர்கள் பாராட்டுகிறார்கள். நோய் பாராட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

வகுப்பில் வருகைப்பதிவு நடக்கிறது. தன் பெயர் வருவதற்குப் பத்துப் பெயர்கள் இருக்கும்போதே அந்த மாணவனின் உள்ளங்கை வியர்க்கிறது. ‘உள்ளேன் ஐயா’ என்ற இரண்டே சொற்களை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்க்கிறான். முறை வந்ததும் குரல் பிசிறுகிறது. பின்வரிசையில் யாரோ எதற்கோ சிரிக்கிறார்கள். அன்று இரவு வரை அந்தச் சிரிப்பு அவன் காதை விட்டுப் போவதில்லை.

கூச்சம் பழகப் பழகக் குறையும். பதற்றம் அப்படித் தானாகக் குறைவதில்லை. பிறர் தன்னை எடைபோடுகிறார்கள், கேலி செய்வார்கள் என்ற அச்சம் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையும் நட்பையும் முடக்கினால் மருத்துவம் அதை நோயாகக் கருதுகிறது. திங்கட்கிழமை காலை வயிற்றுவலி, பலர் முன் சாப்பிடத் தயக்கம், சந்தேகம் கேட்காமலே இருந்துவிடுவது ஆகியவை அதன் முகங்கள். ஒருநாள் விடுப்பு எடுத்தால் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே மறுநாள் பள்ளிக்குப் போவதை இன்னும் கடினமாக்குகிறது.

இந்த வயதில் இது தலைதூக்கக் காரணம் உண்டு. உணர்ச்சிகளைக் கிளறும் மூளைப் பகுதிகள் முந்திக்கொள்ள, அவற்றை நிதானப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. பெற்றோரின் சொல்லைவிடச் சகவயதினரின் பார்வை பெரிதாகத் தெரியும் பருவமும் இதுவே. உடையும் குரல், முகப்பரு, மதிப்பெண் ஒப்பீடு, கைப்பேசியில் விடாமல் தொடரும் கேலி எல்லாம் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன.

ஒதுங்கி ஒதுங்கி நட்பு வட்டம் சுருங்கும்போது மனச்சோர்வுக்கு வழி திறக்கிறது. பெரியவர்களிடம் அது சோகமாகத் தெரியும். பிள்ளைகளிடம் எரிச்சலாகவும் வெளிப்படும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் மாறி, பிடித்த கிரிக்கெட்டும் பாட்டும் சலித்து, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற பேச்சு வந்தால் கவனிக்க வேண்டும். வீடு இதைத் திமிர், சோம்பேறித்தனம், செல்போன் பைத்தியம் என்றே படிக்கிறது. சாவைப் பற்றிப் பேசினால் மிரட்டல் என்று தள்ளிவிடக் கூடாது. அன்றே உதவி தேட வேண்டும்.

இத்தகைய பாதிப்புகள் அரிதானவை அல்ல. 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெங்களூரில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினரிடம் இந்த அளவு 7.3 சதவீதமாக இருந்தது.

சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையில் அச்சம் படிப்படியாக எதிர்கொள்ளப்படுகிறது: முதலில் கடைக்காரரிடம் விலை கேட்பது, பிறகு ஆசிரியரிடம் ஒரு சந்தேகம், கடைசியில் வகுப்பு முன் நின்று பேசுவது. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அறிவுறுத்தியது. அந்த நாற்காலியைக் காலியாக வைக்காமல் இருப்பது அரசின், நிர்வாகங்களின் கடமை. ஆனால் ஆலோசகரின் அறைவரை அந்த மாணவன் தானாக நடந்து வரமாட்டான். வரத் தயங்குவதுதான் அவனுடைய நோயே. அவனை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர்கள் வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியரும், சாப்பாட்டுத் தட்டை நீட்டும் பெற்றோரும்தான்.