உடைந்த டைலும் ஒரு மண் தொட்டியும்

சமையலறைக்குப் புது டைல் போட்ட எந்த வீட்டிலும் கடைசியில் ஒரு சாக்கு உடைசல் மிஞ்சும். டெல்லியில் இதற்கு 'மல்பா' என்று பெயர். அள்ளிப்போக வருகிறவர் அதற்கும் கூலி கேட்பார். காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே வெளியேற்ற வேண்டும்.

சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் இந்த உடைசலை வேறு கண்ணோடு பார்த்தார். பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர் அவர். லெ கொர்புசியே திட்டமிட்ட புது நகரத்துக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளில் கிடந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டுகளையெல்லாம் சைக்கிளில் ஏற்றி சுக்னா ஏரிக்கு அருகே காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1950களின் கடைசியில் தொடங்கிய வேலை. அது அரசு நிலம் என்பதால் எல்லாம் ரகசியமாகவே நடந்தது. 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது ஏக்கர் கணக்கில் சிலைகளும் நடைபாதைகளும் உருவாகியிருந்தன. சட்டப்படி இடித்திருக்கலாம். ஆனால் மக்கள் ஆதரவால் அந்த ராக் கார்டன் தப்பியது. 1976ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984ல் பத்மஸ்ரீ பெற்ற நேக் சந்த் 2015ல் மறைந்தார்.

அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் போட்டோ எடுப்பதோடு சரி. ஆனால் அந்த வேலையின் அடிப்படை, எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்ததுதான்: ஈரச் சிமென்ட் கலவையில் துண்டுகளைப் பதிப்பது. அதை வீட்டில் தொடங்க நல்ல இடம் பூந்தொட்டி. வாடகை வீட்டில் சுவரைத் தொட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். தொட்டியோ, மாற்றல் உத்தரவு வந்தால் லாரியில் கூடவே ஏறிவிடும்.

உடைசல் வீட்டில் இல்லையென்றால் டைல்ஸ் கடையில் கேட்டுப் பார்க்கலாம். மூலை உடைந்ததைச் சும்மாவே தருகிற கடைக்காரர்கள் உண்டு. கைப்பிடி போன காபி கோப்பையும் ஆகும். டைலைச் சாக்கில் சுற்றி வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். சில்லு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். துண்டுகள் 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். தொட்டி வளைவானது, பெரிய துண்டு அதில் ஒட்டி உட்காராமல் முனை தூக்கிக்கொண்டு நிற்கும்.

மண் தொட்டியைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த மண் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட, ஒரே மாதத்தில் டைல் பொலபொலவென்று உதிர்கிறது. 1 பங்கு சிமென்டுக்கு 3 பங்கு சலித்த மணல். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரணையில் நிற்கும் பதம். அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசி, துண்டுகளை அழுத்திப் பதிக்க வேண்டும். கலவை இறுகும் என்பதால் முழுத் தொட்டிக்கும் ஒரேயடியாகப் பூசிவிடாமல் ஒவ்வொரு பக்கமாக முடிப்பது நல்லது. கையுறையில் கஞ்சத்தனம் கூடாது, சிமென்ட் தோலை அரிக்கும்.

மறுநாள் வெள்ளை சிமென்டைக் குழைத்து இடுக்குகளில் தேய்த்து, சற்று இறுகியதும் ஈரத்துணியால் துடைத்தால் நிறங்கள் பளிச்சென்று தெரியும். பிறகு 7 நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். பொறுமையில்லாமல் வெயிலில் காயவைத்தால் விரிசல் நிச்சயம்.

நிறத்தைப் பொறுத்தவரை கையில் இருப்பதையெல்லாம் ஒட்டும் ஆசையை அடக்குவது நல்லது. வெள்ளையோடு இன்னும் ஒரு நிறம் போதும். வட இந்திய வெயிலில் வெளிர் நிறத் தொட்டி வேரையும் அதிகம் சுடாது. கண்ணாடி வளையல் அழகுதான், ஆனால் குழந்தைகள் கை படும் உயரத்தில் வேண்டாம். டைல் விளிம்பையும் சாணைக் கல்லால் தேய்த்துவிட வேண்டும்.

வேலை முடிந்த தொட்டி, பழைய மண் தொட்டியைப்போல நடந்துகொள்ளாது. மேல்பூச்சு அதன் நுண்துளைகளை மூடிவிடுவதால் மண் சீக்கிரம் காயாது. முன்போல் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் உலர்ந்த பிறகே ஊற்ற வேண்டும். அடித்துளையைக் கலவை அடைக்காமல் ஒரு குச்சியைச் செருகிவைத்து வேலை செய்யலாம். புதுச் சிமென்டின் காரம் செடிக்கு ஆகாது என்பதால், நடும் முன் தொட்டியைச் சில நாள் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

எடையும் கூடும். பால்கனியின் விளிம்புச் சுவர்மேல் வைக்காமல் தரையிலேயே, சுவரோரமாக வைப்பது பத்திரம். கீழே வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வளரும். வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். முதல் செடியாக டேபிள் ரோஸ் வைக்கலாம். ஒரு கிளையைக் கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும்.