யாருடைய களஞ்சியத்துக்கு எமது உழைப்பு?

புலம்பெயர் மண்ணில் தமிழுக்காக ஓய்வு நேரத்தைச் செலவிடும் இளையோரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் ஒரு கேள்வி: நீங்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்யும் தமிழ்ச் சொற்கள் இறுதியில் யாருடைய உடைமையாகின்றன?

நிறுவனங்கள் தம் வேலையைப் பணியாளரிடம் கொடாது, முகமறியா மக்கள் திரளைக் கொண்டு செய்விக்கும் முறைக்கு, 2006இல் ஜெஃப் ஹவ் என்னும் அமெரிக்க இதழாளர் 'கிரவுட்சோர்சிங்' எனப் பெயரிட்டார். பெயர்தான் புதிது. சீடிடிபி என்ற இசைவட்டுத் தரவுத்தளம் 1990களிலேயே இவ்வாறு வளர்ந்ததுதான். இசைவட்டைக் கணினியில் இட்டவர்கள் பாடல்களின் பெயர்களைத் தாமே தட்டச்சு செய்து அனுப்பினர். அடுத்தவருக்கு உதவட்டும் என்பதன்றி அவர்களுக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. 1998இல் அது வணிக நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று. பின்னர் கிரேஸ்நோட் என்ற பெயருடன், உரிமம் பெறாத மென்பொருள்களுக்குக் கதவையும் அடைத்தது. 2008இல் சோனி அதனை ஏறத்தாழ 26 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. சினமுற்ற பங்களிப்பாளர்களோ ஃப்ரீடிபி என்ற திறந்த தளத்தின் பக்கம் போய்விட்டனர். தன்னை வளர்த்த மக்களை ஏய்த்த நிறுவனம் தனக்கான போட்டியாளரையும் தானே உண்டாக்கிக்கொண்டது!

பேஸ்புக் நிறுவனம் 2008இல் தன் பயனர்களைக் கொண்டே தன் பக்கங்களை மொழிபெயர்ப்பிக்கத் தொடங்கியபோது எம்மவரும் ஆர்வத்தோடு உழைத்தனர். "தமிழில் வந்துவிட்டதே, அது போதாதா?" என்பர் சிலர். போதாது. கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பாளருக்கு ஊதியம் கொடுக்க வழியில்லாமலா போயிற்று?

இதற்கு மாறான வழியையும் தமிழரே காட்டியுள்ளனர். 1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர், பிழை திருத்தினர். அவற்றை எவரும் இலவசமாகப் பெறலாம், பகிரலாம். 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை அவ்வாறே மின்வடிவில் திறந்து வைத்துள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்புக்குக் கொடுத்த இனம் நாம். ஒரே கூரையின் கீழ், ஒரே கையில் இருக்கும் களஞ்சியத்துக்கு என்ன நேரும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்நிய நிறுவனங்களை மட்டும் சாடுவது நேர்மையாகாது. எமது அமைப்புகளிலும் சில, முதியோரின் வாய்மொழி நினைவுகளையும் பழைய ஒளிப்படங்களையும் மக்களிடம் கேட்டு வாங்குகின்றன. பின்னர் அவை செயலாளரின் கணினியில் உறங்குகின்றன. நிருவாகம் இரண்டாகப் பிளவுபட்டால் கணினியோடு அவையும் போய்விடும். தந்தவருக்குப் படியொன்று கூடக் கிடைப்பதில்லை. "சமூகச் சொத்து" என்ற பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

ஆதலால், அடுத்த தமிழ்ப் பள்ளி விழாவில் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஒருவர் வந்தால், எங்கே வைப்பீர்கள், யார் பார்க்கலாம், அமைப்பு கலைந்தால் யாரிடம் போகும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுப்பவரிடம் பாட்டியின் குரலைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.