களிமண் கடிதங்களைக் கைவிட்டோம்

2015 பிப்ரவரியில் மோசுல் அருங்காட்சியகத்தின் சிலைகளைச் சம்மட்டியால் உடைக்கும் காணொளி வெளிவந்தபோது நமக்கெல்லாம் நெஞ்சு பதறியது. அடுத்த சில வாரங்களில் நிம்ருதில் அசீரிய மன்னன் இரண்டாம் அசுர்நசிர்பாலின் அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கண்டித்தோம், எழுதினோம், பகிர்ந்தோம். அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்பு அசீரியர்கள் விட்டுச்சென்றதில் எதைப் படித்திருந்தோம்? பழங்கால வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் பெரும்பாலோருக்கு இதற்குப் பதில் இல்லை.

நினிவே என்றால் விவிலியத்து யோனா. அசீரியா என்றால் தோலை உரித்த மன்னர்கள், தலைகளைக் குவித்த படைகள். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம். அந்தக் கொடுமைகளைக் கல்லில் வெட்டிவைத்தது எதிரிகளல்ல, அந்த மன்னர்களே. கப்பம் கட்ட மறுப்பவர்கள் அஞ்ச வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதிவைத்தார்கள். அரசர்கள் அச்சுறுத்தச் சொன்னதை ஒரு மக்களினத்தின் குணமாகவே எடுத்து எழுதினோம். அதே மண்ணில் சாதாரண மனிதர்கள் எழுதியவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருந்தும் அவற்றை ஒதுக்கினோம்.

இந்த ஒதுக்கல் முதல் மண்வெட்டியிலேயே தொடங்கிவிட்டது. 1840களில் நிம்ருதிலும் பிறகு நினிவேயிலும் தோண்டிய ஆஸ்டன் ஹென்றி லேயர்டுக்கு வேண்டியிருந்தவை லண்டனுக்கு அனுப்பத்தக்க புடைப்புச் சிற்பங்கள். சுவரோரமாகவே குழி வெட்டிக்கொண்டு போனார். பல அறைகளின் நடுப்பகுதியைத் தொடவே இல்லை. நினிவேயின் குயுஞ்சிக் மேட்டு அரண்மனையில் இரண்டு அறைகளின் தரையில் ஓரடி உயரத்துக்கு ஆப்பெழுத்துப் பலகைகள் குவிந்துகிடந்தன. அவற்றை அள்ளி அனுப்பினார்கள். எந்தப் பலகை எங்கே கிடந்தது என்ற குறிப்பில்லை. 1853இல் இன்னொரு அரண்மனையில் கிடைத்தவையும் இவற்றோடு கலந்துபோயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்று 30,000க்கும் மேற்பட்ட பலகைகளும் துண்டுகளுமாக இருக்கும் அசுர்பானிபால் நூலகத்தில் எது எந்தக் கட்டடத்துக்குரியது என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்கு இன்றும் பெரும்பாடு. லேயர்டின் கண்ணைத்தான் நாமும் கடன் வாங்கினோம். சிங்க வேட்டைச் சிற்பத்தை அட்டைப்படமாகப் போட்டோம். 1872இல் ஜார்ஜ் ஸ்மித் அந்தப் பலகைகளில் வெள்ளக் கதையைப் படித்துச் சொன்னார் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப எழுதினோம்.

அதே குவியலில் எசர்ஹத்தோன் மன்னனின் மருத்துவர் உராத்-நானாயா எழுதிய கடிதம் ஒன்று உண்டு. ஒரு நோயாளிக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. கவனித்துக்கொள்பவர்கள் துணியை மூக்கின் மேல் வைத்து அழுத்துகிறார்கள், அது தவறு, நாசித் துவாரத்துக்குள்ளேயே வைத்து அடைக்க வேண்டும், அப்போதுதான் ரத்தம் நிற்கும் என்கிறார். ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் எரிச்சலையும் அக்கறையையும் அடக்கிக்கொண்டு எழுதியது அது. இத்தகைய அரண்மனைக் கடிதங்களை 1980களிலிருந்து ஹெல்சிங்கியில் சிமோ பர்ப்போலாவின் குழு தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தது. இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். சிகாகோவில் 1921இல் தொடங்கி 2011இல் முடித்த அசீரிய அகராதியும் அப்படியே. கிடைக்கவில்லை என்று நாம் சொல்ல வழியில்லை.

நாம் புறக்கணித்தவற்றில் என்னை அதிகம் வருத்துவது கனேஷ். இன்றைய துருக்கியில் கைசேரி நகருக்கு அருகே குல்தெப்பே என்னும் மேடு. நினிவே அசீரியப் பேரரசின் தலைநகராவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய காலம், கி.மு. 19ஆம் நூற்றாண்டு. டைகிரிஸ் கரையிலிருந்த அசூர் நகரத்து வணிகர்கள் கழுதைகளில் வெள்ளீயமும் கம்பளித் துணியும் ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி அங்கே போய் விற்றார்கள். வெள்ளியும் பொன்னும் ஊருக்கு வந்தன. வெள்ளீயச் சுமை கழுதை ஒன்றுக்குச் சுமார் 65 கிலோ. அந்த வணிகர்களின் வீடுகளிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட பலகைகள் எடுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவை இன்னும் அச்சேறவில்லை.

பலகை ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். முன்பக்கம் நிறைந்தால் விளிம்பில் எழுதி, பின்பக்கம் திருப்பி, அங்கும் இடமில்லாமல் இடது ஓரத்தில் இரண்டு வரி நெருக்கிவிடுவார்கள். காய்ந்ததும் மெல்லிய களிமண் உறையால் மூடி, பெயர் எழுதி, முத்திரையை உருட்டி அனுப்பினார்கள். உறையை உடைத்தால்தான் படிக்க முடியும். உடைக்கப்படாமலே கிடைத்த கடிதங்களும் உண்டு. எடுத்துச்செல்லக்கூடிய எக்ஸ்ரே ஸ்கேனர் ஒன்றைக் கொண்டு ஹாம்பர்க் ஆய்வாளர்கள் அண்மையில்தான் அவற்றை உறையோடு படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நூற்றுச் சொச்சம் குறிகள் தெரிந்தால் போதும் என்பதால் வணிகர்களும், பெண்களில் சிலரும்கூடத் தாங்களே எழுதினார்கள். புஷு-கென் என்பவரின் மனைவி லமஸ்ஸி அசூரில் தறி வேலையைக் கவனித்தபடி கணவனுக்கு எழுதுகிறாள்: நீங்கள் போன பிறகு ஷாலிம்-அஹும் இரண்டு வீடுகள் கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டுவது? தராம்-கூபி என்னும் இன்னொருத்தி, வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், ஊரில் பஞ்சம், வாற்கோதுமை வாங்க வெள்ளி வைக்கவில்லை என்று குமுறுகிறாள். வக்குர்தும் என்ற பெண்ணுக்கு வந்த கடிதமோ, துணியின் ஒருபக்கத்தைச் சீவ வேண்டும், ரோமத்தைக் கத்தரிக்கக் கூடாது, நீளம் ஒன்பது முழம், அகலம் எட்டு முழம் என்று நெசவுக் குறிப்பு சொல்கிறது. உலகப் பெண்களின் எழுத்து வரலாற்றை எத்தனையோ சிறப்பிதழ்களில் பேசியிருக்கிறோம். இவர்களுக்கு அவற்றில் ஒரு பக்கம் ஒதுக்கினோமா?

தோண்டியவர்களையும் மறந்தோம். சிங்க வேட்டைச் சிற்பங்களை 1853 டிசம்பர் இரவுகளில் கண்டெடுத்தவர் மோசுலிலேயே பிறந்த ஹோர்முஸ்த் ரஸாம். அவர்மீது திருட்டுப் பழி சுமத்தப்பட்டது. வழக்காடி 1893இல் வென்றார். ஆனாலும் நம் கட்டுரைகளில் லேயர்டுக்குத்தான் படம். 1903 முதல் 1914 வரை வால்டர் அந்த்ரே அசூரில் அகழ்ந்தபோது பழகிய ஷெர்காத் ஊர்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஈராக்கின் அகழாய்வுகளைத் தாங்கினார்கள். மண்சுவரை மண்ணிலிருந்து பிரித்தறிவது அவர்கள் கைத்திறன். 1980களின் இறுதியில் நிம்ருத் அரசிகளின் கல்லறைகளைத் தரைச் செங்கல்லின் ஒழுங்கின்மையைக் கவனித்துக் கண்டுபிடித்தவர் ஈராக்கியரான முஸாஹிம் மஹ்மூத் ஹுசைன். கிலோக் கணக்கில் பொன் நகைகள். துத்தன்காமனுக்குக் காட்டிய ஆர்வத்தில் கால்பங்குகூட இதற்குக் காட்டவில்லை. குவைத் போர் வந்தது, நாம் போரை மட்டும் பார்த்தோம். 2014இல் மோசுலிலிருந்து உயிர்தப்ப ஓடிய அசீரியக் கிறித்தவர்களைப் பற்றியும் சிலைகளுக்கு அழுத அளவு நாம் பேசவில்லை.

அசூர் 2003இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோதே ஆபத்திலுள்ள இடமாகவும் அறிவிக்கப்பட்டது. டைகிரிஸின் குறுக்கே திட்டமிட்ட மக்ஹூல் அணைதான் காரணம். 2021இல் அந்தத் திட்டம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. லமஸ்ஸி எழுதியவை கனேஷில் அவள் கணவன் வீட்டில் இருந்ததால் நமக்குக் கிடைத்தன. கணவன் எழுதிய பதில்கள் அசூரில் அவள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அவள் காலத்துக் குடியிருப்புகள் பிற்கால அடுக்குகளுக்கு அடியில் இருக்கின்றன, பெரும்பாலும் தோண்டப்படவில்லை. அணை நிறைந்தால் முதலில் ஊறப்போவது அந்த அடியடுக்குதான்.