காகிதமே காட்டிக் கொடுக்கிறது!

மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் கையெழுத்துப் போட மாட்டான். சிலர் இடது கையால் கோணல் மாணலாக எழுதுவார்கள். யந்திரத்தில் அச்சடித்து விட்டால் அந்தத் தொல்லையும் இல்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. அவன் போடாத கையெழுத்தை யந்திரம் போட்டு விடுகிறது!

வண்ணத்தில் அச்சடிக்கும் "லேசர்" யந்திரங்கள் பலவற்றில் இந்தத் தந்திரம் உண்டு. தாள் முழுவதும் மஞ்சள் புள்ளிகள் விழும். ஒரு புள்ளி, மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். வெள்ளைத் தாளில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. நீல விளக்கின் ஒளியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கறுப்பாகத் தெரியும்.

அமெரிக்காவில் உள்ள "எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன்" என்ற உரிமைச் சங்கம், ஜெராக்ஸ் கம்பெனியின் ஒருவகை யந்திரத்தை ஆராய்ந்தது. 2005-ம் ஆண்டில் புள்ளிகளின் சங்கேதத்தை உடைத்தது. யந்திரத்தின் எண், அச்சடித்த தேதி, மணி, நிமிடம் எல்லாம் அதில் இருந்தன!

கள்ள நோட்டு

இது ஏன் வந்தது? வண்ண நகல் யந்திரம் வந்ததும், வீட்டிலேயே கள்ள நோட்டு அடித்து விடுவார்கள் என்று அரசாங்கங்கள் பயந்தன. கம்பெனிகள் புள்ளி வைத்தன. பயம் நியாயமானதுதான். ஆனால், காசு கொடுத்து வாங்குகிறவனிடம் யாரும் சொல்லவில்லை. 2004-ல்தான் விஷயம் பகிரங்கமாயிற்று. நோட்டு அடிப்பவன் தாளிலும் புள்ளி விழுகிறது. லஞ்சத்தை அம்பலப்படுத்தும் குமாஸ்தாவின் தாளிலும் விழுகிறது.

6 பேரில் ஒருவர்

ரியாலிட்டி வின்னர் என்ற 25 வயதுப் பெண், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் அரசாங்க உளவு வேலை பார்த்தார். அமெரிக்கத் தேர்தலில் ரஷிய உளவாளிகள் கைவரிசை காட்டியது பற்றிய ரகசிய அறிக்கை ஒன்றை அச்சடித்து, "இன்டர்செப்ட்" பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினார். அது உண்மைதானா என்று கேட்க, பத்திரிகை அந்த நகலை அரசாங்கத்திடமே கொடுத்தது!

தாளில் மடிப்பு இருந்தது. ஆகவே, யாரோ அச்சடித்து எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று அதிகாரிகள் ஊகித்தார்கள். அலுவலகக் கணக்கைப் புரட்டினார்கள். அந்த அறிக்கையை அச்சடித்தவர்கள் 6 பேர். அவர்களில் ஒருவர் மட்டும் அந்தப் பத்திரிகையோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தார். 2017 ஜூன் 3-ந் தேதி வின்னர் கைதானார்.

ஆக, அவரைப் பிடித்தது அலுவலகக் கணக்கு. புள்ளிகளின் வேலை பிறகு தெரிந்தது. ஜூன் 5-ந் தேதி பத்திரிகை அந்த அறிக்கையை வெளியிட்டது. அன்றே வெளியாட்கள் புள்ளிகளைப் படித்து விட்டார்கள்: மே 9-ந் தேதி, 6 மணி 20 நிமிடம்! படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் போட்டிருந்தால்கூட மஞ்சள் மறைந்திருக்கும். பத்திரிகைக்காரர்களுக்கு அது தோன்றவில்லை.

வின்னருக்கு 5 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2021 ஜூனில் விடுதலையானார்.

இதற்கிடையே, 2018-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தினர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புள்ளியை அழிப்பதில்லை. மேலும் பல புள்ளிகளைத் தூவிச் சங்கேதத்தைக் குழப்பி விடுகிறார்கள். அலுவலகக் கணக்கில் பதிந்த பெயருக்கு அந்த வித்தை பலிக்காது.