ஆமா போடும் குரல்

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். பல வண்டிகளில் ஹிப்ஹாப் தமிழா பாட்டு ஓடும். யார் பாட்டு என்று கேட்டால் பையன்கள் 'ஆதி' என்பார்கள். ஜீவா என்றால் நடிகர் ஜீவாவா என்று திருப்பிக் கேட்பார்கள். ஹிப்ஹாப் தமிழா என்பது ஆதியும் ஜீவாவும் சேர்ந்த குழு. இத்தனை ஆண்டுகளாகக் காதில் விழும் குழுவில் பாதிப் பேரை நமக்குத் தெரியாது.

2011இல் 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியது. குடிக்கும் பெண்களை ஏசிய அந்தப் பாட்டில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் படமும் கதாநாயகனும் இல்லாமலே ஒரு தமிழ்ப் பாட்டு ஊரெல்லாம் போய்ச் சேரும் என்று அது காட்டியது. 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வந்தது. 2015இல் 'ஆம்பள', 'தனி ஒருவன்' படங்களுக்கு இசையமைத்தார்கள். 2017இல் 'மீசைய முறுக்கு' படத்தை இயக்கி நாயகனாகவும் நடித்தார் ஆதி. அதே ஆண்டு ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் அவர் சேர்ந்ததும் விலகியதும் தனி ஆளின் செய்தியாகவே பேசப்பட்டன. 2024இல் 'கடைசி உலகப் போர்' வந்தபோது இயக்கம், நடிப்பு, தயாரிப்பு எல்லாம் அவரே. இசை குழுவின் பெயரில் வந்தது.

இதை ஆதியின் குற்றமென்று சொல்ல மாட்டோம். மலேசியாவின் 'யோகி பி, நட்சத்ரா' 2006இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்தபோது மூவர். இங்கே நிலைத்தது யோகி பியின் பெயர். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 19 பேர் குழு. அதில் ராப் பாடிய அறிவைத் தெரியும், பறை அடித்தவர் யார்?

ஒரு குரல் பலர் தாங்கித்தான் எழும் என்பது நம் ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்குப் புதிதல்ல. நடுவில் வீசுகோலோடு புலவர். பக்கத்தில் ஒருவர் பாளை மட்டையால் குடத்தின் வாயில் அறைந்து தாளத்தைத் தூக்கிவிடுகிறார். புலவர் மூச்சு வாங்கும் இடத்தில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுகிறார். அது கொஞ்சம் பிந்தினாலும் சுடலைமாடன் கதை அங்கேயே நின்றுபோகும். ராப்பிலும் வரியின் கடைசிச் சொல்லை இன்னொருவர் சேர்ந்து பிடித்தால்தான் பாடுகிறவருக்கு மூச்சு கிடைக்கும். 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தபோதே ஹிப்ஹாப் இசைத்தட்டு சுழற்றியவர், பேசியவர், ஆடியவர் என்று பலர் கூடிச் செய்த கலை.

ஆனால் கொடை நோட்டீசில் புலவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், மற்றவர்களெல்லாம் 'குழுவினர்'. சினிமாவைத் திட்டுமுன் நம் நோட்டீசைத் திருத்தலாம். அடுத்த இதழிலிருந்து கொடை, கச்சேரி பற்றி எழுதி அனுப்புகிறவர்கள் குடம் அடித்தவர் பெயரையும் 'ஆமா' போட்டவர் பெயரையும் கேட்டு எழுத வேண்டும். அந்தப் பெயர்கள் இல்லாத கட்டுரைக்கு இங்கே இடமில்லை.