நான்கு அஞ்சலட்டைகளை நம்பி ஓடும் கார்



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுனின் பாடாங் கோத்தா லாமா பக்கம் போகும்போது, பளபளக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். உடனே கைப்பேசியை எடுத்திருப்பீர்கள். முன்முகம், இருக்கை, ஸ்டீயரிங் எல்லாவற்றையும் படம் பிடித்திருப்பீர்கள். டயரைப் படம் பிடித்தீர்களா? நிச்சயமாக இல்லை. நாம் பேச வேண்டியது அந்த டயரைப் பற்றித்தான்.

சில மாதங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தம் பழைய காரை என்னிடம் காட்டினார். சாயம் கண்ணாடி போல் மின்னியது. ஆனால் பின்னால் இருந்த இரண்டு டயர்களில் எழுதியிருந்த எண்களைப் படித்தபோது திடுக்கிட்டேன். இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் வேறோர் அளவு! அதில் ஒன்று 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. கேட்டதற்கு, “பூ நல்லாத்தான் இருக்கு சார். ஞாயித்துக்கிழமை மட்டும்தானே எடுக்கிறேன்” என்றார். டயரில் உள்ள வரிப்பள்ளங்களைத்தான் அவர் பூ என்கிறார். நல்ல மனிதர், காரை உயிராக நேசிப்பவர். ஆனால் அவர் சொன்ன காரணத்தை அறிவியல் ஏற்காது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காரின் நிறை 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 2500 நியூட்டன் எடையைத் தாங்குகிறது. டயரின் காற்றழுத்தம் 200 கிலோபாஸ்கல். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. அப்படியானால் பரப்பு என்ன? 2500ஐ 200,000ஆல் வகுத்தால் 0.0125 சதுர மீட்டர், அதாவது 125 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையின் அளவு! காரின் மற்ற பாகம் எதுவும் சாலையைத் தொடுவதில்லை. பிரேக் பிடிப்பதும், வளைவதும், வேகம் எடுப்பதும் இந்த நான்கு அஞ்சலட்டைகளால்தான்.

இப்போது டயரின் பக்கவாட்டைப் படிப்போம். 175/70 ஆர்13 82 எச் என்று எழுதியிருக்கிறது. 175 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 70 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு. ஆர் என்பது ரேடியல் வகை. 13 என்பது அங்குலத்தில் சக்கர வளையத்தின் விட்டம். 82 என்ற எண் அந்த டயர் 475 கிலோகிராம் வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் என்ற வேக வரம்பைக் குறிக்கிறது.

அந்தப் பெரியவரின் காரில் ஒரு பக்கம் 175/70 ஆர்13, மறுபக்கம் 185/60 ஆர்13. இரண்டும் ஒரே வளையத்தில் பொருந்தும். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் விட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் டயருக்கு 575 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 552 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓட முதல் டயர் சுமார் 553 முறை சுழல வேண்டும், இரண்டாவது 576 முறை. நேரான சாலையில் கூட ஒரு சக்கரம் கிலோமீட்டருக்கு 23 சுற்று அதிகம் சுழல்கிறது! இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே ‘டிஃபரன்ஷியல்’ என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. வளைவில் திரும்பும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய அதன் உள்பற்கள் இப்போது ஓயாமல் உழைத்துத் தேய்கின்றன. பிடிப்பும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. மழையில் திடீரென்று பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

“போர்ஷே 911 காரில் பின் டயர் அகலமாகத்தானே இருக்கிறது?” என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தக் காரின் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. எடையில் பெரும்பகுதி பின்னால் விழுவதால், தயாரிப்பாளரே கணக்குப் போட்டுப் பின்னால் அகலமான டயரைக் கொடுத்தார். அப்போதும் ஓர் அச்சின் இடமும் வலமும் ஒன்றுதான். கணக்கிட்டுச் செய்த வேறுபாடு வேறு, கையில் கிடைத்ததை மாட்டுவது வேறு.

அளவு மட்டுமல்ல, காற்றும் இந்தக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த ஷெவர்லே கோர்வேர் காருக்கும் எஞ்சின் பின்னால்தான். நான்கு டயரும் ஒரே அளவு. ஆனால் முன்னால் 15 பி.எஸ்.ஐ., பின்னால் 26 பி.எஸ்.ஐ. காற்று நிரப்பச் சொன்னது நிறுவனம். வழக்கம்போல் நான்கிலும் ஒரே அளவு காற்றை அடித்தால் முன்பக்கப் பிடிப்பு கூடி, வளைவில் வால் பக்கம் வெளியே வீசும். அந்தக் காரின் பாதுகாப்பு பற்றியும் ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய புத்தகம் அமெரிக்காவையே உலுக்கியது.

சரி, அளவு பொருந்துகிறது, பூவும் ஆழமாக இருக்கிறது. பிறகு என்ன கவலை? வயதுதான் கவலை. ரப்பர் என்பது பாலிஐசோப்ரீன் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு என்று ஐந்தாம் படிவ வேதியியலில் படிப்பீர்கள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கிடையே பாலங்கள் உருவாகி ரப்பர் உறுதியாகும். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட வழி இது. ஆனால் வெயிலும் வெப்பமும் ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது ரப்பர் இறுகிப்போகிறது. காற்றிலுள்ள ஓசோன் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டுகிறது. பக்கச்சுவரில் தெரியும் மெல்லிய வெடிப்புகள் இதனால்தான். இதைத் தடுக்க டயரில் மெழுகு கலக்கிறார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போது அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து காக்கும். நிறுத்தியே வைத்த காரில் அந்தக் காவலும் குறைகிறது. ஆகவே, “ஞாயித்துக்கிழமை மட்டும்தானே எடுக்கிறேன்” என்பது டயருக்கு ஓய்வு இல்லை, கேடு!

‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படங்களில் நடித்த பால் வாக்கரை உங்களுக்குத் தெரியும். 2013 நவம்பர் 30ஆம் நாள் கலிபோர்னியாவில் நண்பர் ஓட்டிய போர்ஷே கரேரா ஜிடி காரில் சென்றபோது இருவரும் இறந்தனர். விபத்துக்குக் காரணம் அளவு மீறிய வேகம் என்றே விசாரணை அதிகாரிகள் முடிவு செய்தார்கள். ஆனால் அந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும், அது காரின் கட்டுப்பாட்டைப் பாதித்திருக்கலாம் என்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

பழைய கார்களுக்கு ஏற்ற டயர் கிடைப்பது எளிதல்ல, நான்கையும் மாற்றச் செலவும் ஆகும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாயத்துக்கும் குரோமுக்கும் செலவழிக்க மனம் வரும்போது, உயிரைத் தாங்கும் ரப்பருக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும்? நான்கும் முடியாவிட்டால், ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய ஜோடியைப் பின்னால் போட வேண்டும். ஈரச் சாலையில் வால் வழுக்கினால் சமாளிப்பது மிகவும் கடினம். ரேடியலையும் பழைய கிராஸ்-பிளை வகையையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் வளைவுச் சாலையில் மழை பிடித்துக்கொண்டால், இந்த விதிகளின் அருமை புரியும்.

மாணவர்களே, இது பணக்காரர்களின் காருக்கு மட்டும் சொன்ன பாடம் இல்லை. உங்கள் அப்பாவின் காருக்கும் இதே இயற்பியல்தான். மோட்டார் சைக்கிளில் அழகுக்காக ‘சோத்தோங் டயர்’ என்ற ஒல்லி டயர் மாட்டும் நண்பருக்கும் இதே இயற்பியல்தான்.

நம்மில் பலரின் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கி, கெடாவிலும் பேராக்கிலும் இருந்த தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். உலகத்தின் கார்கள் அந்தப் பாலில்தான் ஓடின. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு டயரைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாமா? பள்ளி அறிவியல் மன்றங்கள் ஆண்டுக்கு ஒருநாள் ஆசிரியர்களின் கார் நிறுத்துமிடத்தில் டயர் ஆய்வு நடத்த வேண்டும் என்பது என் கருத்து. முதலில் என் காரையே சோதியுங்கள்!

அதுவரை, இன்று மாலை வீட்டில் உள்ள வாகனத்தின் அருகே உட்காருங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 0912 என்றால் 2012ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். பத்து ஆண்டு கடந்திருந்தால், பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது வேண்டாம். வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், டயர் எவ்வளவு புதிதானாலும் அதுவும் வேண்டாம். காற்றை மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது நான்கு டயரையும் மாற்றிவிட்டார். சாயத்தைக் காட்டுவதற்கு முன் டயரைத்தான் காட்டுகிறார்.